எண்ணிம இரட்டை (ஊர்தித் தொழில்நுட்பம்)

எண்ணிம இரட்டை என்பது ஓடும் வண்டிக்கும் அது ஓடுகிற சாலைக்கும் கணினிக்குள் இயங்கும் நகல். தொழிலில் இருப்பவர்கள் டிஜிட்டல் ட்வின் என்றே சொல்கிறார்கள். வண்டியின் வேகம், பிரேக்கின் நிலை, டயரின் காற்றழுத்தம், கேமராவும் லேசர் ஒளியால் தூரம் அளக்கும் லைடாரும் கண்டவை எல்லாம் இடைவிடாமல் நகலுக்குப் போகின்றன. நகல் கணித்தது வண்டிக்குத் திரும்பி வருகிறது. தகவலைக் கையால் ஏற்றினால் அது வெறும் மாதிரி. தகவல் தானாகப் போய், திரும்பி வராமல் நின்றுவிட்டால் அது எண்ணிம நிழல். போக்கும் வரத்தும் தானாக நடந்தால்தான் இரட்டை. 2018இல் வெளியான ஓர் ஆய்வுக்கட்டுரை வகுத்த இந்தப் பிரிப்பை மனத்தில் வைத்துக்கொள்வது நல்லது. இரட்டை என்று விற்கப்படுபவற்றில் பல நிழல்தான்.

கருத்தை 2002இல் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மைக்கேல் கிரீவ்ஸ் முன்வைத்தார். பெயர் நாசாவின் ஜான் விக்கர்ஸ் தந்தது. வேர் இன்னும் பழையது. 1970இல் அப்பல்லோ 13 விண்வெளியில் பழுதானபோது, தரையிலிருந்த பயிற்சிக் கலங்களை அதே நிலைக்குக் கொண்டுவந்து, மீட்பு வழிகளை அவற்றில் ஓட்டிப் பார்த்த பிறகே வீரர்களுக்குச் சொன்னார்கள்.

தானோட்டி வண்டிக்கு இது ஏன் வேண்டும்? உயிரிழப்பு விஷயத்தில் அது மனித ஓட்டுநருக்குக் குறைந்ததல்ல என்று நிறுவ, ஒரு சாவுகூட இல்லாமல் 27.5 கோடி மைல் ஓட வேண்டும் என்று 2016இல் ராண்ட் ஆய்வு நிறுவனம் கணக்கிட்டது. 100 வண்டிகள் மணிக்கு 25 மைல் வேகத்தில் இரவும் பகலும் ஓடினாலும் சுமார் 12.5 ஆண்டுகள் ஆகும். ஆபத்தான கட்டங்களை நகலில் ஆயிரம் முறை ஓட்டிப் பார்க்கலாம்; யாருக்கும் காயமில்லை.

ஒன்றோடொன்று தகவல் பரிமாறும் இணைப்பு வண்டிகள் தம் இடத்தையும் வேகத்தையும் பொதுவாக நொடிக்குப் பத்து முறை அறிவிக்கின்றன. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் போகும் கார் நொடிக்கு 16.7 மீட்டர் கடக்கிறது. செய்தி 0.2 நொடி தாமதித்தால், நகலில் இருக்கும் காருக்கும் சாலையில் இருக்கும் காருக்கும் 3 மீட்டருக்கு மேல் வித்தியாசம். அதனால் அவசர பிரேக்கை வண்டியே முடிவு செய்கிறது. வளைவுக்கு அப்பால் இருப்பதைச் சொல்வதுதான் இரட்டையின் வேலை.

ஐரோப்பியத் தெருக்களைப் பார்த்துப் பழகிய கணினி நம் சாலையில் திணறும். ஹைதராபாத் ட்ரிபிள் ஐடி 2018இல் வெளியிட்ட இந்தியச் சாலைப் படத்தொகுப்பில் ஏறக்குறைய 10,000 படங்கள், 34 வகைகள். ஆட்டோரிக்‌ஷாவும் விலங்கும் தனித்தனி வகைகளாக இடம்பெற்றன. 2022 ஜூலையில் ஹைதராபாத் ஐஐடி வளாகத்தில் தானோட்டி வண்டிகளுக்கான, 130 கோடி ரூபாய்ச் செலவிலான திஹான் சோதனைக்களம் திறக்கப்பட்டது.

கொல்லம்–திருமங்கலம் நெடுஞ்சாலையில் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் ராஜபாளையத்துக்கும் இடையே ஏறக்குறைய 12 கிலோமீட்டர்தான். இந்தத் துண்டுக்கு ஓர் இரட்டை செய்வதாக வைத்துக்கொள்வோம். வளைவு, வேகத்தடை, பாலம் எல்லாம் ஒருமுறை அளந்தால் முடிந்தது. பஞ்சாலைகளில் ஷிஃப்ட் மாறும் நேரத்தையும் எழுதி வைக்கலாம். ஆனால் ஆடிப்பூரத்தன்று ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆண்டாள் தேர் ரத வீதிக்கு வந்துவிட்டால் வரைபடம் பயன்படாது. வடம் பிடிப்பவர்களின் கையும் முட்டுக்கட்டை போடுபவர்களின் கணக்கும் சேர்ந்துதான் தேரை நகர்த்துகின்றன. எந்த முக்கில் எவ்வளவு நேரம் நிற்கும், எப்போது தெரு திறக்கும் என்பதை அந்த நேரத்தில் வரும் தகவல் மட்டுமே சொல்லும்.

தேராவது நாள் குறித்து வருகிறது. அறுவடைக் காலத்தில் தார்ச்சாலையின் ஓரத்தில் மக்காச்சோளத்தைப் பரப்பிக் காயவைப்பார்கள். வண்டி ஏறாமலிருக்கச் சுற்றிலும் வரிசையாகக் கல் வைத்திருக்கும். ஒருவர் பலகையால் தள்ளித் திருப்பிவிட்டுக்கொண்டிருப்பார். பாதிச் சாலை போய்விடும். முதலில் வரும் வண்டியின் லைடார் அந்தக் கற்களைக் கண்டு நகலில் பதிந்தால், ஒரு கிலோமீட்டர் பின்னால் வரும் பேருந்து முன்கூட்டியே வேகத்தைக் குறைக்கும்.

என் பார்வையில், பதிவதைவிட நீக்குவதே கடினம். மாலையில் சோளத்தை மூட்டை கட்டிக் கற்களை ஒதுக்கியதும், அந்தப் பதிவு நகலிலிருந்தும் போக வேண்டும். போகாவிட்டால் வெறும் சாலையில் அடுத்த கார் பிரேக் போடும். பின்னால் பைக்கில் வருபவர் அதை எதிர்பார்த்திருக்க மாட்டார்.