சோதனையும் ஆயத்தமும்: தேவசகாயம் பிள்ளையின் வாழ்வு

தேவசகாயம் பிள்ளை (1712–1752) திருவிதாங்கூர் அரசில் பணியாற்றிய அதிகாரி. கத்தோலிக்கராக மதம் மாறியவர். மூன்றாண்டுகள் சிறையிலும் நாடுகடத்தலிலும் துன்புற்று ஆரல்வாய்மொழி காற்றாடிமலையில் கொல்லப்பட்டார். 2022-ல் கத்தோலிக்கத் திருச்சபை அவரைப் புனிதராக அறிவித்தது. இந்தியாவின் பொதுநிலையினரிலிருந்து மறைசாட்சியாகப் புனிதர் நிலைக்கு உயர்த்தப்பட்ட முதல் மனிதர் அவரே. அவர் வரலாறு பெரும்பாலும் துன்பங்களின் வரலாறாகவே சொல்லப்படுகிறது. அத்துன்பங்களுக்கு அவர் எவ்வாறு ஆயத்தமானார், எத்தகைய சோதனைகளைச் சந்தித்தார் என்பதை இக்கட்டுரை பேசுகிறது.

சோதனை என்னும் சொல்

தமிழ்க் கிறிஸ்தவ வழக்கில் 'சோதனை' என்ற சொல்லுக்கு இரு பொருள் உண்டு. துன்பத்தின் வழியாக ஒருவரின் உறுதி பார்க்கப்படுவது ஒன்று. ஆசை காட்டி வழிதவறச் செய்யும் தூண்டுதல் மற்றொன்று. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்திலும் இவ்விரு பொருளுக்கும் ஒரே சொல்தான் உள்ளது. நடைமுறையில் இவ்விரண்டையும் பிரிக்க முடிவதில்லை. துன்புறும் மனிதனுக்குத் துன்பம் நின்றுவிடும் என்ற வாக்குறுதியே பெரிய ஆசையாகிறது. தேவசகாயம் பிள்ளையின் வாழ்வில் இரண்டும் ஒன்றாகவே வந்தன.

இளமையும் அரசுப்பணியும்

இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தின் நட்டாலத்தில் 1712 ஏப்ரல் 23 அன்று நீலகண்ட பிள்ளை பிறந்தார். நாயர் குடும்பம். மார்த்தாண்ட வர்மா மன்னரின் ஆட்சியில், அன்று தலைநகராக இருந்த பத்மநாபபுரம் அரண்மனை சார்ந்த பணிகளில் இருந்தார். பார்கவி அம்மாளை மணந்தார். குலம், பதவி, அரசரின் அணுக்கம் மூன்றும் வாய்த்தவர். பின்னாளில் அவர் இழக்க வேண்டியிருந்தவையும் இம்மூன்றுமே.

1741-ல் நடந்த குளச்சல் போரில் திருவிதாங்கூர் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் படையை வென்றது. சிறைபிடிக்கப்பட்டவர்களில் ஒருவர் யூஸ்டேஷியஸ் டி லனாய். மன்னர் அவரைத் தன் படைக்குப் பயிற்சியளிக்க அமர்த்தினார். உதயகிரிக் கோட்டையில் தங்கிப் படையை நவீனமாக்கிய டி லனாய் 'வலிய கப்பித்தான்' என அழைக்கப்பட்டார். நீலகண்ட பிள்ளைக்கு அவருடன் நட்பு உருவானது.

யோபுவின் கதை

நீலகண்ட பிள்ளையின் குடும்பத்தில் அடுத்தடுத்துப் பொருளிழப்புகள் ஏற்பட்டு அவர் மனம் சோர்ந்திருந்தபோது, டி லனாய் விவிலியத்தின் யோபு கதையை அவருக்குச் சொன்னதாக மரபு கூறுகிறது. யோபு நேர்மையான செல்வந்தர். மந்தைகளையும் மக்களையும் உடல்நலத்தையும் இழக்கிறார். நண்பர்கள் அவர் மேல் குற்றம் காண்கிறார்கள். மனைவியே இறைவனைப் பழித்து இறந்துவிடும்படி சொல்கிறார். யோபு கேள்வி கேட்கிறார், முறையிடுகிறார், ஆனால் இறைவனை விட்டு விலகுவதில்லை.

புதிதாக ஒரு மதத்தை அறிபவருக்கு முதலில் சொல்லத்தக்க கதை அல்ல இது. நம்பினால் செல்வம் பெருகும், நோய் தீரும் என்ற உறுதி இதில் இல்லை. நல்லவனுக்கும் எல்லாம் பறிபோகலாம் என்றே தொடங்குகிறது. நீலகண்ட பிள்ளை இக்கதை வழியாகக் கிறிஸ்தவத்துக்குள் வந்தார் என்பது அவருடைய பிற்கால உறுதியைப் புரிந்துகொள்ள உதவுகிறது. பயனை எதிர்பார்த்து வந்தவர் பயன் கிடைக்காதபோது திரும்பிச் செல்லலாம். இழப்பைப் பற்றிய கதையைக் கேட்டு வந்தவருக்கு இழப்பு எதிர்பாராத ஒன்றல்ல.

வடக்கன்குளத்தில் திருமுழுக்கு

டி லனாய் அவரை வடக்கன்குளத்தில் இருந்த சேசு சபைத் துறவி ஜியோவானி பத்திஸ்தா புத்தாரியிடம் அனுப்பினார். வடக்கன்குளம் ஆரல்வாய்மொழிக் கணவாய்க்கு அப்பால், திருவிதாங்கூரின் எல்லைக்கு வெளியே இருந்தது. அரசு அதிகாரி ஒருவர் மதம் மாறுவதன் விளைவுகளை இருவருமே அறிந்திருந்தனர். 1745 மே 14 அன்று நீலகண்ட பிள்ளை திருமுழுக்குப் பெற்றார். லாசர் என்ற பெயரின் தமிழ் வடிவமாகத் தேவசகாயம் என்ற பெயர் சூட்டப்பட்டது. அவர் மனைவியும் பின்னர் ஞானப்பூ என்ற பெயருடன் கிறிஸ்தவரானார்.

புத்தாரி சார்ந்திருந்த சேசு சபையின் ஆன்மிகப் பயிற்சி, அதன் நிறுவனரான இக்னேஷியஸ் லயோலா வகுத்தது. அவர் படைவீரராக இருந்தவர். 1548-ல் அச்சான அவருடைய 'ஆன்மிகப் பயிற்சிகள்' நூல் சோதனையை ஒரு கோட்டை முற்றுகைக்கு ஒப்பிடுகிறது. முற்றுகையிடும் தளபதி கோட்டையைச் சுற்றி வந்து, எப்பக்கம் பலவீனமோ அப்பக்கமே தாக்குவான். ஆகவே தன் பலவீனம் எது என்பதை ஒருவர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். சேசு சபையினர் தங்களை நாள்தோறும் ஆராய்ந்துகொள்வதன் நோக்கங்களில் இதுவும் ஒன்று. சோதனை வந்தபின் ஆயத்தமாவது இயலாது என்பதே இதன் அடிப்படை.

சிறையும் நாடுகடத்தலும்

திருமுழுக்குக்கும் கைதுக்கும் இடையே ஏறத்தாழ நான்கு ஆண்டுகள் உண்டு. இக்காலத்தில் தேவசகாயம் பிள்ளை பணியைத் தொடர்ந்தபடியே, தாழ்ந்தவர்கள் எனக் கருதப்பட்ட சாதியினருடன் வேற்றுமையின்றிப் பழகினார் என மரபு வரலாறுகள் கூறுகின்றன. 1749-ல் அவர் கைது செய்யப்பட்டார். எருமை மேல் பின்னோக்கி அமர்த்தப்பட்டு ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டார். சவுக்கடியும் காயங்களில் மிளகாய்ப்பொடி பூசுதலும் அன்றாடத் தண்டனைகளாயின. புலியூர்க்குறிச்சியில் தாகத்தால் தவித்து முட்டியால் பாறையை இடித்தபோது நீர் சுரந்தது என்பது மக்கள் நம்பிக்கை. 'முட்டிடிச்சான் பாறை' இன்றும் அங்கு வழிபாட்டிடமாக உள்ளது.

இறுதியில் அவர் எல்லைப்பகுதியான ஆரல்வாய்மொழிக்குக் கொண்டுசெல்லப்பட்டார். கணவாய்க்கு அப்பால் வடக்கன்குளம், அவருக்குத் திருமுழுக்கு அளித்த ஊர். கிறிஸ்தவத்தைக் கைவிட்டால் பழைய மதிப்புடன் வாழலாம் என்ற வாய்ப்பு ஒருபக்கம், அருகிலேயே எல்லை மறுபக்கம். 1752 ஜனவரி 14 அன்று காற்றாடிமலையில் சுட்டுக்கொல்லப்பட்டார். அவர் உடல் கோட்டாறு சவேரியார் ஆலயத்தில் அடக்கம் செய்யப்பட்டது.

விவாதங்கள்

தேவசகாயம் பிள்ளை மதத்துக்காகவே கொல்லப்பட்டாரா என்பது விவாதத்துக்குரியது. மார்த்தாண்ட வர்மா டி லனாய் போன்ற கிறிஸ்தவர்களைத் தம் அரசில் உயர்பதவியில் வைத்திருந்தவர், ஆகவே தண்டனைக்கு அரசியல் காரணமே இருந்திருக்க வேண்டும் என்பது ஒரு தரப்பு. உயர்குடி அதிகாரி மதம் மாறியதும் சாதி ஒழுங்கை மீறியதும் வேறுவகைக் குற்றமாகப் பார்க்கப்பட்டன என்பது மறுதரப்பு. அவர் இறந்த நான்கு ஆண்டுகளுக்குள், 1756-ல், கொச்சி ஆயர் வத்திக்கானுக்கு அனுப்பிய அறிக்கை அவரை மறைசாட்சி என்றே குறிப்பிடுகிறது.

வடக்கன்குளத்தின் பிற்கால வரலாறு இன்னொரு சோதனையைக் காட்டுகிறது. 1872-ல் அங்கு எழுந்த ஆலயம், சாதியடிப்படையில் மக்கள் தனித்தனியே அமரும்படி இரு பிரிவாக அமைக்கப்பட்டது. இடையே இருந்த தடுப்பு 1910-ல்தான் இடிக்கப்பட்டது. அது நீதிமன்ற வழக்குக்கும் இட்டுச்சென்றது. சாதி எல்லையைக் கடந்ததற்காகவும் தண்டிக்கப்பட்டவர் திருமுழுக்குப் பெற்ற ஊரில், அவ்வெல்லை ஆலயத்துக்குள்ளேயே கட்டப்பட்டது. சவுக்கடியாக வந்த சோதனையை ஒரு மனிதர் தாங்கினார். வழக்கமாகவும் மதிப்பாகவும் வந்த சோதனையை ஒரு சமூகம் சோதனை என்றே அறியவில்லை.

புனிதர் நிலை

2012 டிசம்பர் 2 அன்று நாகர்கோவிலில் நடந்த விழாவில் அவர் அருளாளராக அறிவிக்கப்பட்டார். 2022 மே 15 அன்று திருத்தந்தை பிரான்சிஸ் வத்திக்கானில் அவரைப் புனிதராக அறிவித்தார். 'பிள்ளை' என்பது சாதிப்பெயர், அது அவர் ஏற்றுக்கொண்ட வாழ்வுக்குப் பொருந்தாது என்று முன்வைக்கப்பட்ட கோரிக்கையை ஏற்று, தேவசகாயம் என்ற பெயர் மட்டுமே அறிவிப்பில் பயன்படுத்தப்பட்டது.

நட்டாலம், புலியூர்க்குறிச்சி, காற்றாடிமலை, கோட்டாறு ஆகிய இடங்களுக்கு இன்று பக்தர்கள் வருகிறார்கள். முட்டிடிச்சான் பாறையின் அற்புதமே அவர்களிடையே அதிகம் பேசப்படுகிறது. அதற்கு முன்னால் உதயகிரிக் கோட்டையில் ஒருவர் சொல்ல இன்னொருவர் கேட்ட யோபுவின் கதை உள்ளது. மூன்றாண்டு உறுதியின் தொடக்கம் அங்கேதான்.