உடல் எடைக் குறைப்புத் தேக்கம்

உடல் எடைக் குறைப்புத் தேக்கம் என்பது, எடையைக் குறைக்க முயலும் ஒருவரின் எடை தொடக்கத்தில் விரைவாகவும், பின்னர் படிப்படியாக மெதுவாகவும் குறைந்து, இறுதியில் ஏறத்தாழ ஒரே அளவில் நின்றுவிடும் நிலையைக் குறிக்கும். இலக்கு எடையை நெருங்குவோர் இதைப் பரவலாக உணர்கின்றனர். உணவின் மூலம் உட்கொள்ளும் ஆற்றலும் உடல் செலவிடும் ஆற்றலும் மீண்டும் சமநிலை அடைவதே இதன் அடிப்படைக் காரணம் ஆகும்.

தொடக்கத்தில் விரைவு ஏன்?

கல்லீரலிலும் தசைகளிலும் மாவுச்சத்து கிளைக்கோசன் வடிவில் சேமிக்கப்படுகிறது. ஒரு கிராம் கிளைக்கோசனுடன் சுமார் 3 கிராம் நீரும் தங்கியிருக்கும். உணவைக் குறைத்த முதல் சில நாட்களில் இச்சேமிப்பு கரைவதால் நீரும் வெளியேறுகிறது. எனவே முதல் வாரங்களில் குறையும் எடை முழுவதும் கொழுப்பு அன்று. இந்த நீரிழப்பு முடிந்தவுடன் வேகம் குறைவது இயல்பே.

ஆற்றல் பற்றாக்குறை சுருங்குதல்

ஒரு பவுண்டு உடற்கொழுப்பு சுமார் 3,500 கிலோகலோரிக்கு (ஒரு கிலோகிராமுக்குச் சுமார் 7,700) ஈடானது என 1958 இல் அமெரிக்க மருத்துவர் மாக்ஸ் விஷ்னோஃப்ஸ்கி கணக்கிட்டார். இதனைக் கொண்டு எடை என்றும் ஒரே வேகத்தில் குறையும் எனக் கருதும் வழக்கம் பரவியது. ஆனால் உடல் சிறுக்கும்போது அதன் ஆற்றல் தேவையும் குறைகிறது. குறைந்த எடையைச் சுமந்து நடக்கவும், சிறிய உடலைப் பேணவும் குறைந்த ஆற்றலே போதுமானது.

2011 இல் கெவின் ஹால் குழுவினர் இம்மாற்றத்தையும் உள்ளடக்கிய கணித மாதிரி ஒன்றை வெளியிட்டனர். அதன்படி, நாளொன்றுக்கு ஏறத்தாழ 24 கிலோகலோரியை நிலையாகக் குறைத்தால் இறுதியில் ஒரு கிலோகிராம் குறையும். அதில் பாதி சுமார் ஓராண்டிலும், 95 விழுக்காடு சுமார் மூன்று ஆண்டுகளிலும் நிகழும். இது சராசரி மதிப்பீடே. ஆளுக்கு ஆள் வேறுபடும்.

எடுத்துக்காட்டாக, 90 கிலோகிராம் எடையுள்ள ஒருவருக்கு அந்த எடையில் நாளொன்றுக்கு 2,400 கிலோகலோரி தேவைப்படுவதாகவும், அவர் 2,000 மட்டும் உண்பதாகவும் கொள்வோம். பழைய கணக்கின்படி ஓராண்டில் 19 கிலோகிராம் குறைய வேண்டும். அதே கணக்கை நீட்டினால் ஐந்தாண்டுகளில் 95 கிலோகிராம், அதாவது அவரது மொத்த எடையைவிட அதிகம், குறைய வேண்டியிருக்கும்! புதிய மாதிரியின்படி மொத்தக் குறைவு ஏறத்தாழ 17 கிலோகிராம் மட்டுமே.

இவரது இலக்கு 75 கிலோகிராம் எனில், 76 கிலோகிராமை அடையும்போது 400 ஆக இருந்த பற்றாக்குறை 64 கிலோகலோரியாகச் சுருங்கியிருக்கும். இது சுமார் 7 கிராம் எண்ணெயின் ஆற்றலுக்குச் சமம். தொடக்கத்தில் பொருட்படுத்தத் தேவையற்றதாக இருந்த சிறு அளவுப் பிழை, இலக்கின் அருகே எடைக் குறைவை முற்றிலும் நிறுத்திவிடக்கூடும்.

வளர்சிதைமாற்றத் தகவமைப்பு

உடல் சிறுத்ததால் எதிர்பார்க்கப்படும் அளவைவிடவும் கூடுதலாக ஆற்றல் செலவு குறைவது வளர்சிதைமாற்றத் தகவமைப்பு எனப்படும். மினசோட்டா பல்கலைக்கழகத்தில் 1944-1945 இல் ஆன்சல் கீஸ் நடத்திய ஆய்வில், 36 தன்னார்வலர்கள் ஆறு மாதங்கள் ஏறத்தாழ பாதி உணவில் வாழ்ந்து, எடையில் சுமார் கால் பங்கை இழந்தனர். அவர்களது அடிப்படை வளர்சிதைமாற்றம் சுமார் 40 விழுக்காடு குறைந்தது. இதில் பெரும்பகுதி உடல் இழையங்கள் குறைந்ததாலும், எஞ்சியது இத்தகவமைப்பாலும் ஏற்பட்டவை. எடைக் குறைப்புத் தொலைக்காட்சிப் போட்டி ஒன்றில் பங்கேற்ற 14 பேரிடம் இத்தகவமைப்பு ஆறு ஆண்டுகளுக்குப் பின்னரும் நீடித்ததாக 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது.

பசியின் பங்கு

கொழுப்பிழையம் சுரக்கும் லெப்டின் என்னும் இயக்குநீர் 1994 இல் கண்டறியப்பட்டது. கொழுப்பு குறையும்போது லெப்டின் குறைகிறது. பசியைத் தூண்டும் கிரெலின் அதிகரிக்கிறது. இம்மாற்றங்கள் எடை குறைந்து ஓராண்டு கடந்த பின்னரும் நீடித்ததை 2011 இல் வெளியான ஆத்திரேலிய ஆய்வு காட்டியது. குறையும் ஒவ்வொரு கிலோகிராமுக்கும் பசி நாளொன்றுக்குச் சுமார் 100 கிலோகலோரி அதிகரிப்பதாக 2016 இல் ஹால் உள்ளிட்டோர் மதிப்பிட்டனர். இது ஆற்றல் செலவில் ஏற்படும் குறைவைப்போல் மூன்று மடங்குக்கும் அதிகம். ஆகவே அதே கட்டுப்பாட்டைக் கடைப்பிடிக்க நாளுக்கு நாள் கூடுதல் முயற்சி தேவைப்படுகிறது. உண்பவர் அறியாமலேயே உணவின் அளவு உயர்வதும் தேக்கத்துக்கு முதன்மையான காரணங்களுள் ஒன்றாகும்.

கையாளும் முறைகள்

உணவை மீண்டும் சில நாட்கள் அளந்து பார்த்தல், நாளாந்த உடலியக்கத்தைக் கூட்டுதல், போதிய புரதம் உண்ணல், தசையிழப்பைக் குறைக்கும் எடைப் பயிற்சி ஆகியவை பரிந்துரைக்கப்படுகின்றன. தேக்கத்தைக் கடக்க உணவைக் கடுமையாகக் குறைப்பது தசையிழப்புக்கும் ஊட்டக் குறைபாட்டுக்கும் வழிவகுக்கலாம். செமாகுளுட்டைடு போன்ற மருந்துகள் பசியைத் தணித்து மேலும் எடையைக் குறைத்தாலும், அவற்றிலும் ஒரு கட்டத்தில் தேக்கம் ஏற்படுகிறது.

இலக்கை அடைந்தபின் பழைய உணவுமுறைக்குத் திரும்புவது எடை மீண்டும் ஏறக் காரணமாகிறது. மேற்கூறிய எடுத்துக்காட்டில், 75 கிலோகிராமில் நிலைத்திருக்க அவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 2,040 கிலோகலோரியே தேவை. எடையைக் குறைக்க உண்ட உணவுக்கும், குறைந்த எடையைக் காக்க உண்ண வேண்டிய உணவுக்கும் உள்ள வேறுபாடு 40 கிலோகலோரி மட்டுமே ஆகும்.