திணறும் மளிகைக் கூடை

இணைய மளிகைத் தளம் திறக்காமல் சுற்றிக்கொண்டே இருந்தாலும், கூடையில் போட்ட பொருள் பணம் கட்டும் நேரத்தில் காணாமல் போனாலும், பழி முதலில் இணைய வேகத்தின்மேல் விழுகிறது. உதவி மையத்தை அழைத்தால் கேச்சை அழியுங்கள், ஆப்பை நீக்கிவிட்டு மறுபடி ஏற்றுங்கள், வைஃபையை மாற்றிப் பாருங்கள் என்கிறார்கள். இதனால் சில நேரம் பலனும் கிடைக்கிறது. ஆனால் இந்த வணிகத்தின் நாற்பதாண்டு வரலாற்றைப் புரட்டிப் பார்த்தால், பெரிய பழுதுகளின் வேர் பெரும்பாலும் கம்பியிலோ கைபேசியிலோ இல்லை. கையிருப்பு எவ்வளவு, இன்று எத்தனை வீட்டுக்குக் கொண்டுபோய்ச் சேர்க்க முடியும் என்ற இரண்டு கணக்கும் தெரியாமலே கடைகள் ஆர்டர் வாங்கிக்கொண்டன. வேர் அங்கேதான் இருக்கிறது.

தொடக்கத்தையே எடுத்துக்கொள்வோம். 1984 மே மாதம், இங்கிலாந்தின் வடகிழக்கில் உள்ள கேட்ஸ்ஹெட் நகரில், ஜேன் ஸ்னோபால் என்ற 72 வயதுப் பெண்மணி வீட்டுத் தொலைக்காட்சியின் ரிமோட்டை அழுத்தி டெஸ்கோ கடைக்கு ஆர்டர் அனுப்பினார். மார்கரின், கார்ன்ஃப்ளேக்ஸ், முட்டை ஆகிய மூன்றும் வீடு தேடி வந்தன. மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் தொலைக்காட்சியையும் தொலைபேசிக் கம்பியையும் கணினியோடு இணைத்து உருவாக்கிய ஏற்பாடு அது. வீடியோடெக்ஸ் எனப்பட்ட அந்தக் காலத் தொழில்நுட்பத்தில் வழக்கமான வேகம் நொடிக்கு 1200 பிட். அதாவது ஏறத்தாழ 120 எழுத்து. நாற்பது எழுத்து அகலமும் 24 வரி உயரமும் கொண்ட திரை ஒன்று முழுதாக நிரம்ப எட்டு நொடி பிடிக்கும். இன்று யாரும் அவ்வளவு நேரம் பொறுத்திருக்க மாட்டார்கள். ஆனாலும் கேட்ட பொருள் வந்தது. தெருமுனை அண்ணாச்சி கடைக்குச் சிறுவனிடம் சீட்டுக் கொடுத்தனுப்புவது போன்ற வேலைதான் அது: ஒரே கடை, சிறிய பட்டியல், எடுத்துக் கட்டுவதற்கு மனிதர்கள், வாசலில் ரொக்கம். மெதுவான கம்பியைத் தாங்கிக்கொள்ள இந்த அமைப்பால் முடிந்தது. கம்பி பன்மடங்கு வேகமான பிறகுதான், கடையைப் பற்றிக் கடைக்கே தெரியாதவை ஒவ்வொன்றாக வெளியே வந்தன.

வலைத்தளங்கள் வந்தபோது முதலில் தீர்க்க வேண்டியிருந்தது மறதி. ஒரு பக்கத்திலிருந்து அடுத்த பக்கம் போனால், வந்தவர் யார் என்பதே சர்வருக்குத் தெரியாது. வலையின் அடிப்படை விதிமுறை அப்படி அமைந்திருந்தது. 1994இல் நெட்ஸ்கேப் நிறுவனத்தின் லூ மொண்டூலி உருவாக்கிய குக்கி இதற்கு விடையானது. அதற்குத் தூண்டுகோலாக இருந்த தேவைகளில் ஒன்று, வாங்குபவரின் கூடையை நினைவில் வைப்பது. 2007இல் அமேசானின் பொறியாளர்கள் டைனமோ என்ற தங்கள் தரவு அமைப்பை விளக்கி ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். வட்டு பழுதானாலும், இணைப்பு அறுந்தாலும், கூடையில் பொருள் சேர்ப்பதை மட்டும் ஒருபோதும் மறுக்கக் கூடாது என்பது அவர்கள் வகுத்த விதி. இதற்கு ஈடாக, நீக்கிய பொருள் சில சமயம் கூடைக்குத் திரும்பி வரலாம் என்பதையும் அவர்கள் மறைக்கவில்லை. பொறியியலாக இது நேர்த்தியான முடிவு. ஆனால் சேர்ப்பதற்கு எப்போதும் 'சரி' என்று சொல்லும் கூடை, கிடங்கில் பொருள் இருக்கிறது என்பதற்கு உத்தரவாதம் ஆகாது. புத்தகக் கடைக்கு இது பெரிய சிக்கல் இல்லை. இரண்டு நாள் தாமதமாக வந்தாலும் புத்தகம் கெட்டுப்போகாது. மளிகையில் ஓர் ஆர்டரில் முப்பது, நாற்பது பொருள்கள் இருக்கும். ஒவ்வொன்றுக்கும் பகுதிவாரியாக இருப்பு, விலை, சலுகை, தக்காளி போன்றவற்றுக்கு எடை வேறுபாடு. போதாததற்கு, எல்லாம் ஒரே வண்டியில், ஒரே மணிநேரத்தில் வந்தாக வேண்டும்.

இந்தச் சுமையை முதலில் முழுதாக உணர்ந்தவை அமெரிக்க நிறுவனங்கள். சிகாகோவை அடுத்த எவன்ஸ்டனில் 1989இல் பார்க்கின்சன் சகோதரர்கள் தொடங்கிய பீபாட், வழக்கமான பல்பொருள் அங்காடியின் அலமாரியிலிருந்தே பொருளை எடுத்துக் கொடுத்தது. டெஸ்கோவும் 1990களில் இதே வழியில் போனது. காலையில் ஒருவர் கணினியில் தேர்ந்தெடுத்த பால் பாக்கெட்டை, கடைக்கு நேரில் வந்த இன்னொருவர் மதியத்துக்குள் எடுத்துப் போயிருப்பார். தளம் குறையில்லாமல் ஓடினாலும் ஆர்டர் பொய்த்தது. கேட்டதற்குப் பதில் வேறொன்று வருவது வாடிக்கையானது. இதற்கு நேர்மாறான வழியை எடுத்தது வெப்வான். 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சேவையைத் தொடங்கிய அந்த நிறுவனம், 26 தானியங்கிக் கிடங்குகள் கட்ட பெக்டெல் நிறுவனத்தோடு 100 கோடி டாலருக்கு ஒப்பந்தம் போட்டது. வாசலுக்கு வரும் நேரத்தை அரை மணிக்குள் உறுதி செய்தது. 2001 ஜூலையில் திவாலானது. வெப்வானைக் கவிழ்த்தது பணம், தொழில்நுட்பம் இல்லை என்று வாதிடலாம். அதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தப் பணம் எதற்குப் போனது? திரையில் காட்டியதைக் கிடங்கில் உண்மையாக்குவதற்கு. தளத்தின் சொல்லைக் காப்பாற்ற எவ்வளவு செலவாகும் என்பதை உலகுக்குக் காட்டியது அந்தத் தோல்விதான்.

கொரோனா பரவிய 2020 மார்ச் மாதத்தை எடுத்துக்காட்டி என் வாதத்தை மறுப்பவர்கள் உண்டு. உள்ளதிலேயே வலுவான மறுப்பு அது. பிரிட்டனின் ஒகாடோ தன் தளத்தையும் ஆப்பையும் சில நாள் மூடியது. திறந்த பிறகும் வாடிக்கையாளர்களை இணைய வரிசையில் நிற்க வைத்தது. இந்தியாவில் ஊரடங்கு தொடங்கியபோது, பழைய வாடிக்கையாளர்களுக்கு மட்டுமே அனுமதி என்று இணைய மளிகைத் தளமான பிக்பாஸ்கெட் அறிவிப்புப் போட்டது. சர்வர்கள் திணறியது கண்கூடு. ஆனால் ஏன் திணறின? டெலிவரி ஸ்லாட் இல்லை என்று கண்டவர்கள் அடுத்த நிமிடம் மறுபடி பார்த்தார்கள், அதற்கடுத்த நிமிடமும் பார்த்தார்கள். ஒவ்வொரு முறையும் முகவரியைச் சரிபார்த்து, ஸ்லாட்டைத் தேடி, கூடையில் உள்ள ஒவ்வொரு பொருளின் இருப்பையும் தளம் எண்ண வேண்டியிருந்தது. இங்கே டெலிவரி ஊழியர்கள் சாலையில் தடுத்து நிறுத்தப்பட்ட நாள்கள் அவை. பத்து மடங்கு சர்வர் வாங்கிப் போட்டிருந்தாலும் 'ஸ்லாட் இல்லை' என்ற பதில் விரைவாக வந்திருக்குமே தவிர, அரிசி வந்திருக்காது. இணைய வரிசை சலிப்பூட்டினாலும் அது நேர்மையான ஏற்பாடு. கடை தன் எல்லையை வாசலிலேயே சொல்லிவிட்டது.

பத்து நிமிடத்தில் பொருள் கொடுக்கும் இன்றைய நிறுவனங்கள் இதையெல்லாம் கடந்துவிடவில்லையா என்று கேட்கலாம். 2021 டிசம்பரில் குரோஃபர்ஸ் நிறுவனம் தன் பெயரை பிளிங்கிட் என மாற்றிக்கொண்டது. ஸெப்டோ, இன்ஸ்டாமார்ட் போன்றவையும் அந்தக் காலத்தில்தான் வளர்ந்தன. இவற்றின் விரைவுக்கு அடிப்படை, அருகிலுள்ள சிறு கிடங்கு ஒன்றில் கைக்கெட்டும் பொருளை மட்டும் காட்டுவது. வாடிக்கையாளர் உள்ளே வந்து எடுக்க முடியாத கிடங்கு என்பதால் கணக்கு பெரும்பாலும் பிசகுவதில்லை. கேட்ஸ்ஹெட்டின் குறுகிய பட்டியலுக்கே இவை திரும்பியிருக்கின்றன. பழைய கைபேசி, பலவீனமான சிக்னல், படங்களால் கனத்த பக்கம் ஆகியவையும் உண்மையான தொல்லைகள்தாம்; சிற்றூர்களில் இவற்றின் பங்கு அதிகம். ஆனால் அவை பக்கத்தைத்தான் தாமதப்படுத்துகின்றன. கணக்கில் பணம் பிடித்துவிட்டு ஆர்டர் பதிவாகாமல் போவதற்கு வாங்குபவரின் வைஃபையை மட்டும் காரணம் காட்ட முடியாது.

இந்தக் கடைசிப் பழுதுக்கு மட்டும் இந்தியாவில் விதி ஒன்று பிறந்தது. ரிசர்வ் வங்கி 2019 செப்டம்பரில் வெளியிட்ட சுற்றறிக்கையின்படி, யுபிஐ வழியாகக் கடைக்காரருக்குச் செலுத்திய பணம் கணக்கில் கழிந்து, பரிவர்த்தனை உறுதியாகாமல் போனால், ஐந்து நாளுக்குள் அது தானாகத் திரும்ப வேண்டும். அதற்கு மேல் தாமதமானால் நாளொன்றுக்கு ரூ.100 இழப்பீடு. கெடுவும் தண்டமும் வந்த பிறகு அந்தப் பழுது வாங்குபவரின் தலைவலியாக மட்டும் இல்லாமல், தீர்க்க வேண்டியவரின் கடமையாக மாறியது. இருப்பையும் ஸ்லாட்டையும் தவறாகக் காட்டும் தளங்களுக்கும் இப்படியொரு விதி வேண்டும். கூடையை நிரப்பும் முன்பே ஸ்லாட்டைக் காட்டும்படி கடைகளைக் கட்டாயப்படுத்துவதிலிருந்து அதைத் தொடங்கலாம். அதுவரை வாசகர்கள் செய்யக்கூடியது ஒன்று உண்டு: அடுத்த முறை தளம் திணறினால் கேச்சை அழிப்பதோடு நின்றுவிடாமல், எந்தப் பொருள், எந்த நேரம், திரை காட்டியது என்ன, வீட்டுக்கு வந்தது என்ன என்பதை எழுத்தில் புகாராகக் கொடுங்கள்.