தோட்டப் பாடசாலையின் மேம்பாட்டுத் திட்டத்தில் தோட்டத்துக்கு என்ன இடம்? கலஹாப் பகுதியை முன்வைத்து

இலங்கையில் 2006இல் தொடங்கிய பாடசாலை மேம்பாட்டு நிகழ்ச்சித்திட்டம், திட்டமிடும் பொறுப்பைப் பாடசாலையிடமே ஒப்படைத்தது. அதிபர் தலைமையிலான பாடசாலை அபிவிருத்திக் குழுவில் ஆசிரியர், பெற்றோர், பழைய மாணவர், நலன்விரும்பிகள் இடம்பெறுகின்றனர். ஐந்தாண்டுத் திட்டமும் ஆண்டு அமுலாக்கத் திட்டமும் இவர்கள் கூடி வகுக்க வேண்டியவை. தோட்டப்புறங்களில் இவ்வேற்பாடு தளரும்போது பெற்றோரின் அக்கறையின்மையே காரணம் எனச் சொல்லிவிடுகிறோம். பாடசாலையின் அன்றாட நிலைமைகள் பலவற்றைத் தீர்மானிக்கும் தோட்ட நிருவாகம் திட்டத்துக்கு வெளியே நிற்பதே முதன்மைக் காரணம் என்பது இக்கட்டுரையின் வாதம்.

இதன் வேர் வரலாற்றில் உள்ளது. 1867இல் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை பயிரிட்ட லூல்கந்துர, கண்டி மாவட்டத்துக் கலஹாவை அடுத்த மலைகளில்தான் இருக்கிறது. தொழிலாளர் பிள்ளைகளுக்குக் கல்வி அளிக்கும் கடமையை 1907ஆம் ஆண்டுக் கிராமப் பாடசாலைகள் கட்டளைச் சட்டம் தோட்டத்துரைமார்மீது சுமத்தியது. 1970களில் தோட்டங்கள் அரசுடைமையாயின. 1977 முதல் பாடசாலைகளும் படிப்படியாக அரசின் கைக்கு வந்தன. தோட்டத்தின் கடமை அத்துடன் விலகியது. அதன் பிடி விலகவில்லை. விரிவாக்கத்துக்கு வேண்டிய நிலம், பிள்ளைகள் நடந்துவரும் பாதை, குடியிருக்கும் லயன், பெற்றோரின் வேலை நேரம் யாவும் இன்றும் பெரும்பாலும் நிருவாகத்தின் கையில்தான்.

இந்த நிருவாகம் திட்டத்துக்கு வெளியே நிற்பது ஆண்டு அமுலாக்கத் திட்டத்தின் அட்டவணையில் துலங்கும். ‘வரவை உயர்த்தல்’ என்ற செயற்பாட்டுக்கு நேரே, ‘பொறுப்பு’ என்ற நிரலில் ‘வகுப்பாசிரியர், பெற்றோர்’ என்று எழுதப்படும். மழையில் அரித்துப்போன தோட்டப் பாதைக்குப் பொறுப்பாளர் அங்கு இல்லை. திட்டம் வகுக்கும் கூட்டமோ வேலைநாளில் காலை பத்து மணிக்கு. கொழுந்தெடுக்கும் தாய் அதற்கு வந்தால் அன்றைய பேர் (நாட்சம்பளப் பதிவு) அரைப்பேராகும், அல்லது பேரே இல்லாமற்போகும். வராத தாயிடம் பின்னர் கையொப்பம் வாங்கப்பட்டால், பங்கேற்பு பதிவேட்டில் மட்டுமே நிறைவேறும்.

இந்நிகழ்ச்சித்திட்டத்தை மதிப்பிட்ட ஹர்ஷ அத்துருபான முதலியோரின் ஆய்வு, நான்காந்தரத்தில் கணிதம், ஆங்கிலம் ஆகியவற்றில் முன்னேற்றத்தைக் கண்டது; தாய்மொழியில் காணவில்லை. எட்டாந்தரத்தில் எப்பாடத்திலும் முன்னேற்றம் தென்படவில்லை. ஆகவே குழு அமைத்தாலே எல்லாம் கைகூடும் என நம்ப இடமில்லை. குழுவில் யார் இருக்கிறார், எதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதையும் கேட்க வேண்டும்.

தோட்ட நிருவாகத்தைக் குழுவுக்கு அழைப்பது பாடசாலையை மறுபடியும் துரையின் பிடியில் விடுவதாகாதா என்ற அச்சம் நியாயமானது. அன்று ஆசிரியர் துரையின் தயவில் வாழ்ந்தார்; இன்று நியமனமும் சம்பளமும் மாகாணக் கல்வி நிருவாகத்தின் பொறுப்பு. எனவே தோட்ட நிருவாகப் பிரதிநிதிக்குக் கற்பித்தலிலோ நிதியிலோ தலையிடும் உரிமை வேண்டியதில்லை. நிலம், பாதை, வேலை நேரம் ஆகிய மூன்றுக்கும் எழுத்து மூலமான பொறுப்பே வேண்டும்.

அதற்கான வழி எளியது. கூட்டத்தை மாலைக் கொழுந்து நிறுத்த பின்னரோ ஞாயிறன்றோ வைக்கலாம். வேலைநாளில் வைத்தே ஆகவேண்டுமெனில், வரும் பெற்றோருக்கு முழுப்பேர் போட முன்கூட்டியே இணக்கம் காண வேண்டும். தோட்டத்தின் பொறுப்பில் வரும் செயற்பாடுகளின் முன்னேற்றத்தைக் கோட்டக் கல்விப் பணிப்பாளர் தவணைதோறும் நிருவாகத்திடமே கேட்டறிய வேண்டும். இவை நடந்த பின்னும் பெற்றோர் வராவிட்டால், அக்கறையைப் பற்றி அப்போது பேசலாம்.