விடியற்காலையில் பால் பெருகுவது ஏன்?

பெடாஸ் வட்டாரத்தில் பால்மரம் வெட்டிப் பிள்ளைகளை ஆளாக்கிய குடும்பங்கள் ஏராளம். இருட்டோடு எழுந்து, பெரட்டுக்கு நின்று, பொழுது ஏறுமுன் மரத்தண்டை போனவர்கள் அவர்கள். வெயில் ஏறிய பின் வெட்டினால் மங்கில் பால் குறையும். நிறுவை குறைந்தால் கைக்கு வரும் காசும் குறையும். அனுபவம் சொன்ன இந்த உண்மைக்கு அறிவியல் காரணம் கண்ட வரலாற்றை இன்று பார்ப்போம்.

இவ்வரலாறு பாரிஸ் நகரில் தொடங்குகிறது. அங்கே புவாசேய் என்றொரு மருத்துவர் இருந்தார். நுண்ணிய இரத்தக் குழாய்களில் இரத்தம் எப்படி ஓடுகிறது என்றறிய விரும்பிய அவர், மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்களில் நீரைச் செலுத்தி, பாயும் அளவைக் கணக்கிட்டார். 1840ஆம் ஆண்டையொட்டி அவர் கண்ட விதியை, ஜெர்மானியப் பொறியாளர் ஹாகன் 1839லேயே பித்தளைக் குழாய்களில் தனியாகக் கண்டிருந்தார். வியப்பென்னவெனில், இருவரும் பிறந்தது 1797ஆம் ஆண்டில்தான்!

விதி இதுதான். அழுத்தம் இரட்டித்தால் பாய்ச்சலும் இரட்டிக்கும். குழாயின் நீளம் இரட்டித்தால் பாய்ச்சல் பாதியாகும். திரவத்தின் பாகுத்தன்மை இரட்டித்தாலும் அப்படியே. ஆனால் குழாயின் உள்அகலம் பாதியானாலோ, பாதியில் பாதி, அதில் பாதி, அதிலும் பாதியாகி, பாய்ச்சல் பதினாறில் ஒரு பங்காகிவிடும்!

பால்மரப் பட்டைக்குள்ளும் மயிரிழையினும் மெல்லிய பால்குழாய்கள் உள்ளன. 1932இல் ஃப்ரை-விஸ்லிங் என்னும் அறிஞர், சுமத்ராவில் செய்த ஆய்வைக் கொண்டு, இந்த விதியைப் பாலோட்டத்துக்குப் பொருத்திப் பார்த்தார். பாலில் ரப்பர்த் துகள்கள் மிதப்பதால் கணக்கு நீருக்குப் போல அச்சாகப் பொருந்தாது. எனினும் காரணம் விளங்கியது.

இரவில் இலைகள் நீரை அதிகம் இழப்பதில்லை. வேர் உறிஞ்சும் நீரால் பால்குழாய்கள் விம்மி நிற்கும். 1960களில் மலேசிய ரப்பர் ஆராய்ச்சிக் கழகத்தார் அளந்தபோது, விடியலில் இந்த அழுத்தம் காற்றுமண்டல அழுத்தத்தைப்போல் ஏறத்தாழப் பத்து மடங்கு இருந்தது. வெயில் ஏற ஏற அது தணிகிறது; பாலோட்டமும் தளர்கிறது.

பால் சில மணி நேரத்தில் நின்றுபோவது ஏன்? மரத்தில் பால் தீர்ந்துவிடுவதால் அல்ல. வெட்டுவாயில் பால் உறைந்து, குழாய்களை அடைத்துவிடுகிறது. உள்அகலம் குறைந்தால் என்னவாகும் என்பதைத்தான் மேலே கண்டோமே! 1960களில் அதே கழகத்தில் போட்மன், சவுதர்ன் ஆகியோர் இந்த அடைப்பை ஆராய்ந்தனர். பின்னர் பரவிய எத்தெபோன் என்னும் ஊக்கி மருந்து, அடைப்பைத் தாமதப்படுத்தியே பாலைக் கூட்டியது.

ஆகவே, இருட்டில் எழுந்த உழைப்பு வெறும் தோட்டச் சட்டத்துக்குப் பணிந்தது மட்டுமன்று. மரத்தின் அழுத்தம் உச்சத்தில் இருக்கும் வேளையைக் கைத்தொழில் அறிவால் பிடித்த உழைப்பு அது. நேயர்களே, பாதியைப் பாதியால் மூன்று முறை பெருக்கும் அந்தக் கணக்கை உங்கள் பிள்ளைகளிடம் போட்டுப் பார்க்கச் சொல்லுங்கள். பாட்டி வெட்டிய மரத்தின் கணக்கு அது என்றும் சொல்லுங்கள்.