பாடம் வரைவாக மாறியபோது

பல்கலைக்கழகங்களில் கற்பித்தலுக்கும் கல்வித் தொழில்நுட்பத்துக்கும் தனிப் பிரிவு ஏன் வந்தது என்று கேட்டால், வானொலி, தொலைக்காட்சி, கணினி என்று கருவிகளை வரிசையாகச் சொல்லி முடித்துவிடுகிறோம். பிரிட்டனின் திறந்தநிலைப் பல்கலைக்கழகத்தின் தொடக்கக் காலம் வேறு காரணத்தைக் காட்டுகிறது. 1969-இல் அரச சாசனம் பெற்ற அந்தப் பல்கலைக்கழகம் 1971 ஜனவரியில் பாடம் தொடங்கியபோது ஏறக்குறைய 24,000 பேர் சேர்ந்திருந்தார்கள். முன்படிப்புத் தகுதி எதுவும் கேட்கப்படவில்லை. வகுப்பில் முகங்களைப் பார்த்தே விரிவுரையாளர் வேகத்தைக் குறைப்பார், உதாரணத்தை மாற்றுவார். வீட்டிலிருந்து படிப்பவருக்கு அச்சில் போன பாடத்தை அப்படி நடுவில் திருத்த முடியாது. குழப்பம் எங்கே வரும் என்பதை முன்கூட்டியே யோசித்தாக வேண்டும்.

அந்த யோசனைக்கென்றே டேவிட் ஹாக்ரிட்ஜ் தலைமையில் கல்வித் தொழில்நுட்ப நிறுவனம் அமைந்தது. பாடங்களைப் பாடக்குழுக்கள் எழுதின. துறைப் பேராசிரியர்களோடு பிபிசி தயாரிப்பாளரும் பதிப்பாசிரியரும் கல்வித் தொழில்நுட்பரும் ஒரே மேசையில் உட்கார்ந்தார்கள். ஒருவர் எழுதிய வரைவு எல்லார் கைக்கும் போனது. இதைப் படித்து முடித்தவருக்கு என்ன செய்யத் தெரிய வேண்டும், அது வந்துவிட்டதா என்று அவரே எப்படிச் சோதித்துக்கொள்வார் என்ற கேள்விகள் எழுந்தன. பாடத்தின் இடையிடையே தன்மதிப்பீட்டு வினாக்களை வைத்து, விடைகளைத் தனியே கொடுக்கும் பழக்கம் இப்படித்தான் வேரூன்றியது. அதுவரை கற்பித்தல் விரிவுரையாளருக்கும் அவருடைய மாணவருக்கும் இடைப்பட்ட விஷயம். வரைவான பிறகுதான் சக ஆசிரியர்கள் அதைப் படித்துக் குறை சொல்ல முடிந்தது.

தொழிற்கட்சித் தலைவர் ஹரால்டு வில்சன் 1963-இல் இந்தத் திட்டத்தை முன்வைத்தபோது அதன் பெயரே ‘வான்வழிப் பல்கலைக்கழகம்’தானே, தொலைக்காட்சி இல்லாமல் இது பிறந்திருக்குமா என்று கேட்கலாம். அரசியல் ஆதரவு கிடைத்ததில் தொலைக்காட்சியின் கவர்ச்சிக்குப் பங்குண்டு. ஆனால் மாணவர்களின் படிப்பு நேரத்தில் பெரும்பகுதி அச்சுப் பாடத்தில்தான் கழிந்தது. பாட ஒளிபரப்பு 2006-இல் நின்றுபோனது. கல்வித் தொழில்நுட்ப நிறுவனமோ இன்றும் இயங்குகிறது. ஒளிபரப்பை நம்பி அமையாத அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் 1962-லேயே கற்றல், கற்பித்தல் ஆய்வு மையம் தொடங்கியதையும் சேர்த்துப் பார்த்தால் கருவி இரண்டாம் இடத்துக்குப் போய்விடுகிறது.

இன்னொரு எதிர்ப்பு கனமானது. அறிவை நோக்கங்களின் பட்டியலாக நறுக்குகிறார்கள், இலக்கியத்தையும் வரலாற்றையும் அப்படி அளக்க முடியாது என்று பேராசிரியர்கள் முணுமுணுத்தார்கள். கற்றலை வெளியில் தெரியும் நடத்தையாகவே பார்க்கும் நடத்தையியலின் செல்வாக்கு ஓங்கியிருந்த அந்த ஆண்டுகளில் இந்தக் குறையில் நியாயம் இருந்தது. ஆனால் அது கேள்வியைக் கேட்ட விதத்தின் குறை. கவிதை வகுப்பிலும் மாணவர் எங்கே தடுமாறுகிறார் என்று விசாரிக்கத்தான் வேண்டும். அதை விசாரிக்கும் அதிகாரமில்லாமல், மென்பொருள் நிறுவவும் ஒளிப்படக்காட்டி பழுதுபார்க்கவும் மட்டும் ஒரு பிரிவை வைத்திருக்கும் பல்கலைக்கழகம் பெயரை மட்டுமே இரவல் வாங்கியிருக்கிறது.