கன்யாசுல்கம்: பெண்ணை விற்ற வீட்டில் நடந்த பொய்கள்

தெலுங்கு பேசும் அன்பர்களிடம் குரஜாடா அப்பாராவின் 'கன்யாசுல்கம்' நாடகத்தைப் பற்றிக் கேட்டால் முதலில் சிரிப்பார்கள். 1892-ல் விஜயநகரத்தில் (ஹம்பி அல்ல, விசாகப்பட்டினத்துக்கு அருகில், அன்றைய சென்னை ராஜதானியைச் சேர்ந்தது) மேடையேறி, 1897-ல் அச்சாகி, 1909-ல் பெரிதும் விரிவாக்கப்பட்ட நூல் இது.

நாடகத்தைவிட அதன் முன்னுரையைத்தான் நான் பலமுறை படித்திருக்கிறேன். விஜயநகரம் மகாராஜா ஆனந்த கஜபதி, விசாகப்பட்டினம் ஜில்லாவில் பிராமணக் குடும்பங்களில் பணம் வாங்கிக்கொண்டு பெண்ணைக் கொடுத்த விவாகங்களைக் கணக்கெடுக்கச் செய்தார். மூன்றாண்டுகளில் 1,034. வாங்கியதை யார் ஒப்புக்கொள்வார்கள்? ஆகவே இதுவே குறைவான கணக்கு. ஐந்து வயதில் மணமானவர்கள் 99 பேர். ஒரு வயதுக் குழந்தைகள் மூவர். விலை 350 முதல் 400 ரூபாய்! வரதட்சிணையைப் பற்றியே பேசிப் பழகிய நமக்கு, பணம் எதிர்த்திசையில் போன காலம் விசித்திரமாகத் தோன்றும்.

கதையில் அக்னிஹோத்ராவதானி மூத்த மகள் புச்சம்மாவைக் காசுக்காகக் கிழவருக்குக் கொடுத்து, அவள் விதவையாகிவிட்டாள். அடுத்தவள் சுப்பியையும் லுப்தாவதானி என்ற முதியவருக்குக் கொடுக்க நிச்சயிக்கிறார். தாயார் கிணற்றில் குதிக்கிறாள். காப்பாற்றிவிடுகிறார்கள். அம்மான் கரடக சாஸ்திரி தம் சிஷ்யப் பையனுக்குப் பெண் வேஷம் போட்டு அதே கிழவருக்கு விற்றுவிடுகிறார். கல்யாணம் முடிந்ததும் 'மணப்பெண்' வேஷத்தைக் களைந்து ஓட்டம். கடைசியில் கிழவர் மீது, பிறக்கவே பிறக்காத ஒரு பெண்ணைக் கொன்றதாக வழக்கு!

இந்தப் பொய்யை நான் குறை சொல்லமாட்டேன். பஞ்சாயத்தோ சாஸ்திரமோ சுப்பிக்காக வாய் திறக்காத இடத்தில் மாமாவுக்கு வேறு வழி இல்லை. மன்னிக்க முடியாதது கிரீசம் செய்வது. விதவா விவாகம், சீர்திருத்தம் என்று இங்கிலீஷில் வாய்ஜாலம் காட்டி, பாடம் சொல்லிக்கொடுக்க வந்த வீட்டிலிருந்தே புச்சம்மாவைக் கிளப்பிக்கொண்டு போகிறான். நல்ல கொள்கையைத் தூண்டிலாக வைத்த மோசடி.

கிரீசத்தின் குட்டு உடைவது மதுரவாணி என்ற தாசியால். அவளும் ஆண் வேஷத்தில்தான் வக்கீல் சௌஜன்யராவின் வீட்டுக்கு வருகிறாள். தாசிகளின் முகத்தில் விழிக்கமாட்டேன் என்ற விரதம் அவருக்கு. 1909 பதிப்பில் இவள் பாத்திரம் வளர்ந்ததுதான் நாடகத்துக்கே உயிர் என்பது என் எண்ணம்.

இது பிராமண துவேஷ நாடகம் என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. எழுதியவரே நியோகி பிராமணர். அந்த 1,034 விவாகங்களும் நம்மவர் வீட்டில் நடந்தவை. எனக்குள்ள மனக்குறை வேறு. கடைசியில் புச்சம்மாவைப் பூனா விதவைகள் இல்லத்துக்கு அனுப்பத் தீர்மானிக்கிறார்கள். தந்தை, கிரீசம், வக்கீல் என்று ஒவ்வொருவரும் அவளுக்காக முடிவு செய்கிறார்கள். "உனக்கு என்னம்மா வேண்டும்?" என்று அவளை உட்காரவைத்துக் கேட்கும் காட்சி ஒன்று கிடைக்குமா என்று பார்த்தேன். கிடைக்கவில்லை.